குப்பி இன்சுலின்ல இருந்து பேனாவுக்கு மாத்திட்டாங்க: 4, 6, 8 எந்த ஊசி வாங்கணும்?

கொருக்குப்பேட்டை_கேட்டு

வணக்கம். அம்மாவுக்கு 61 வயசு, எடை 54 கிலோ. சாதா 30/70 கலவை இன்சுலின் (சீக்கிரம் வேலை செய்யறது 30 பங்கு, மெதுவா வேலை செய்யறது 70 பங்கு), காலையில 22 யூனிட், ராத்திரி 14. இதுவரைக்கும் குப்பியும் செவப்பு மூடி சிரிஞ்சும்தான், ஊசி 8 மி.மீ. இந்த வாரம் அதே மருந்தை பேனாவுல எழுதிக் குடுத்திருக்காங்க. சீட்டுல "பென் நீடில்"னு மட்டும் இருக்கு, சைஸ் எழுதல. தண்டையார்பேட்டையில ரெண்டு மெடிக்கல்ல கேட்டாச்சு. ஒருத்தர் 4 எடுத்துத் தர்றார், இன்னொருத்தர் "4 தோல்லயே நின்னுடும், 6 வாங்குங்க"ங்கறார்.

இன்னும் சில சந்தேகம். குப்பி மேல 40னு இருக்கு, பேனா கார்ட்ரிட்ஜ் (பேனாவுக்குள்ள மாட்டற மருந்துக் குழாய்) மேல 100னு இருக்கு. அப்போ 22 யூனிட் அப்படியே 22தானா, கணக்குப் போட்டு குறைக்கணுமா? வீட்டுல பிரிச்ச குப்பி பாதியும் பிரிக்காத குப்பி ஒண்ணும் மிச்சம் இருக்கு, அதை என்ன பண்றது? ஒரு ஊசியை எத்தனை தடவை போடலாம்? கடைசியா, தொப்புளுக்கு இடது பக்கம் ஒரு இடம் தடிப்பா இருக்கு. அங்க போட்டா வலிக்கலன்னு அம்மா அங்கயேதான் போட்டுக்கறாங்க. அது பரவாயில்லையா?

வார்டு_சிஸ்டர்

தம்பி, சைஸை அப்புறம் பாக்கலாம். முதல்ல யூனிட் விஷயம். சைஸ்ல தப்பு பண்ணா வலிக்கும், இதுல தப்பு பண்ணா 108 கூப்பிடணும்.

22ன்னா 22தான். யூனிட்டுங்கறது மருந்தோட அளவு, தண்ணியோட அளவு இல்ல. குப்பியில ஒரு மில்லியில 40 யூனிட் இருக்கு, கார்ட்ரிட்ஜ்ல ஒரு மில்லியில 100 யூனிட் இருக்கு. அதனால 22 யூனிட் குப்பி மருந்துன்னா 0.55 மில்லி உள்ள போகும், பேனாவுல 0.22 மில்லிதான் போகும். "கொஞ்சூண்டுதானே போச்சு, பத்தாது"ன்னு அம்மா நினைப்பாங்க. முன்கூட்டியே சொல்லி வைங்க, இல்லன்னா தனியா இருக்கும்போது இன்னொரு தடவை அமுக்கிடுவாங்க. பேனாவே கணக்குப் போட்டுத்தான் தள்ளுது. நீங்க 2.5-ஆல பெருக்கவும் வேண்டாம், வகுக்கவும் வேண்டாம்.

ஆபத்து வர்றது குப்பி, சிரிஞ்சு, கார்ட்ரிட்ஜ் மூணும் ஒரே டப்பாவுல கிடக்கும்போது. செவப்பு மூடி சிரிஞ்சு 40 மருந்துக்கு. ஆரஞ்சு மூடி சிரிஞ்சு 100 மருந்துக்கு. 100 மருந்தை செவப்பு மூடி சிரிஞ்சுல 22 கோடு வரைக்கும் இழுத்தா உள்ள போறது 55 யூனிட். மாறி, 40 மருந்தை ஆரஞ்சு மூடி சிரிஞ்சுல 22 கோடு வரைக்கும் இழுத்தா 9 யூனிட்கூட வராது. முதல் தப்புல ஆள் மயங்கி விழுவாங்க. ரெண்டாவதுல சுகர் ஏறிக்கிட்டே போகும், யாருக்கும் காரணம் புரியாது.

பிரிக்காத குப்பியை ஃப்ரிட்ஜ்ல வைங்க, கூடவே நாலஞ்சு செவப்பு மூடி சிரிஞ்சை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி ஒண்ணா வைங்க. பேனா மக்கர் பண்ணா அன்னைக்கு உதவும். பிரிச்ச குப்பிக்கு, பிரிச்ச தேதியில இருந்து நாலு வாரம்தான். தேதி ஞாபகம் இல்லன்னா தூக்கிப் போடுங்க.

சைஸ்: 4 மி.மீ. வாங்குங்க. அம்மாவுக்கு மட்டும் இல்ல, 100 கிலோ ஆளுக்கும் அதேதான். ஊசி போடுற இடங்கள்ல தோலோட கனம் ஏறத்தாழ 2ல இருந்து 2.5 மி.மீ. ஒல்லியோ குண்டோ, இதுல பெருசா வித்தியாசம் கிடையாது. தோலுக்குக் கீழ இருக்கற கொழுப்புதான் ஆளுக்கு ஆள் மாறும். மருந்து அந்தக் கொழுப்புக்குள்ள இறங்கணும், அவ்வளவுதான். 4 மி.மீ. தோலைத் தாண்டிடும், சதை (தசை) வரைக்கும் போகாது. 54 கிலோ ஆளுக்கு தொடையிலயோ கையிலயோ 8 மி.மீ. நேரா குத்தினா சதைக்குள்ள இறங்க நல்லா வாய்ப்பு இருக்கு. சதையில இறங்கின இன்சுலின் சீக்கிரம் ரத்தத்துல கலந்து சுகரை இறக்கிடும், வலியும் அதிகம்.

மிண்ட்டு_மருந்தாளுனர்

சிஸ்டர் சொன்னதுக்கு மேல கடைப் பக்கத்துல இருந்து கொஞ்சம்.

"4 தோல்லயே நின்னுடும்"னு சொல்றது பழைய கணக்கு. 2016-ல உலகம் முழுக்க இருக்கற நிபுணர்கள் சேர்ந்து வெளியிட்ட ஊசி முறைப் பரிந்துரையிலயே பெரியவங்களுக்கு, எடை எவ்வளவா இருந்தாலும், 4 மி.மீ.தான் முதல் தேர்வுன்னு எழுதியாச்சு. கடையில 6, 8 கைக்கு வர்றதுக்கு முக்கால்வாசி காரணம் ஸ்டாக்தான்.

அட்டைப்பெட்டியில ரெண்டு எண் இருக்கும். உதாரணத்துக்கு 32ஜி, 4 மி.மீ. மி.மீ. நீளம், ஜி தடிமன். ஜி எண் கூடக் கூட ஊசி மெலிசு. 31ஜியை விட 32ஜி மெலிசு. "பெரிய நம்பர் குடுங்க"ன்னு கேக்கறவங்க நீளத்தைச் சொல்றாங்களா தடிமனைச் சொல்றாங்களான்னு எங்களுக்கே புரியாது. "நாலு மில்லிமீட்டர் பேனா ஊசி"ன்னு முழுசா கேளுங்க. திருகு மறை பெரும்பாலும் எல்லா பேனாவுக்கும் பொருந்தும், கம்பெனி பாக்க வேண்டியதில்ல.

ஆனா கார்ட்ரிட்ஜ் அப்படி இல்ல. கார்ட்ரிட்ஜும் பேனாவும் ஒரே கம்பெனியா இருக்கணும். பாக்க ஒரே மாதிரி இருக்கும், உள்ள நுழையவும் செய்யும், தள்ளுற கம்பி சரியா உக்காராம டோஸ் குறையும்.

மாசக் கணக்கு: 22 + 14 = 36. ஒவ்வொரு தடவையும் 2 யூனிட் காத்துல தள்ளிப் பாக்கணும், அதுக்கு 4. ஆக நாளுக்கு 40. கார்ட்ரிட்ஜ் 3 மில்லி, 300 யூனிட். ஏழு நாள் வரும். கலங்கல் மருந்துங்கறதால கடைசி 12 யூனிட்டுக்குக் கீழ வந்தா மாத்திடணும், உள்ள இருக்கற கண்ணாடிக் குண்டு உருண்டு கலக்க இடம் இருக்காது. மாசத்துக்கு நாலஞ்சு கார்ட்ரிட்ஜ், 60 ஊசி. 

இன்னொண்ணு. குப்பின்னாலே 40னு மனப்பாடம் பண்ணிக்காதீங்க. கிளார்ஜின் மாதிரி அனலாக் மருந்து (மாத்தி வடிவமைச்ச புது வகை இன்சுலின்) குப்பியிலயும் 100 வருது. லேபிள்ல எண்ணைப் படிச்சுட்டு சிரிஞ்சு வாங்குங்க. ஆரஞ்சு மூடி ஒரு மில்லி சிரிஞ்சுல ஒரு சின்னக் கோடு 2 யூனிட், அரை மில்லி சிரிஞ்சுல ஒரு கோடு 1 யூனிட். அதையும் எண்ணிப் பாருங்க.

வியாசை_குமார்

பேனா ஊசி ஒவ்வொண்ணுக்கும் காசு எதுக்கு? கார்ட்ரிட்ஜ் ரப்பர்ல சிரிஞ்சைக் குத்தி இழுத்துக்கலாமே. மருந்து ஒண்ணுதானே.

மிண்ட்டு_மருந்தாளுனர்

குமார், வேண்டவே வேண்டாம். வீட்டுல இருக்கறது செவப்பு மூடி சிரிஞ்சு. சிஸ்டர் சொன்ன 55 யூனிட் கதை இப்படித்தான் நடக்கும். ஆரஞ்சு மூடி சிரிஞ்சாவே இருந்தாலும், கார்ட்ரிட்ஜ்ல இருந்து இழுத்தா உள்ள காத்து ஏறும். அப்புறம் அதே கார்ட்ரிட்ஜை பேனாவுல மாட்டினா பாதி மருந்து பாதி காத்து. மிச்சம் பிடிக்கணும்னா டாக்டர்கிட்ட சொல்லி குப்பிக்கே திரும்பிப் போங்க, அதுல தப்பே இல்ல. சரியாப் போட்டா குப்பியும் நல்லாவே வேலை செய்யும். ஸ்டான்லி மாதிரி அரசு ஆஸ்பத்திரியில கேட்டுப் பாருங்க.

கொருக்குப்பேட்டை_கேட்டு

ரொம்ப நன்றி அக்கா, நன்றி சார். 4 மி.மீ. வாங்கியாச்சு. நேத்து ராத்திரி முதல் தடவை போட்டோம். எடுத்ததும் ஊசி முனையில சொட்டு சொட்டா வந்துச்சு, தோல் மேலயும் ஈரம். 14ம் போச்சா இல்லையான்னு தெரியல. இன்னைக்குக் காலையில வெறும் வயித்துல சுகர் 212. தடிப்புப் பத்தியும் யாராவது சொல்லுங்க.

சுகர்_கிளினிக்_ஆலோசகர்

ஊசி முனையில சொட்டு வர்றதுக்கு முக்கியக் காரணம் அவசரம். பேனாவுல அமுக்கினதும் கார்ட்ரிட்ஜ் ரப்பர்ல அழுத்தம் ஏறும். மெல்லிய ஊசி வழியா மருந்து இறங்க நேரம் பிடிக்கும். டயல் 0-க்கு வந்த பிறகு, கட்டைவிரலை எடுக்காமலே 10 வரைக்கும் நிதானமா எண்ணி, அப்புறம் நேரா வெளிய இழுக்கணும். சிரிஞ்சுல இந்தக் காத்திருப்பு தேவையில்ல. குப்பியில இருந்து வர்றவங்க எல்லாரும் இதுலதான் தடுக்கி விழுவாங்க. தோல் மேல குண்டூசித் தலை அளவு ஈரம் இருந்தா கவலைப்படாதீங்க, ஒரு யூனிட்கூட இருக்காது. ஊசியில இருந்து சொட்டிக்கிட்டே இருந்தாதான் டோஸ் குறைஞ்சிருக்கு. எவ்வளவு குறைஞ்சதுன்னு தெரியாதுங்கறதால திருப்பிப் போடாதீங்க, அடுத்த வேளை சுகரைப் பாத்துக்கோங்க.

வரிசையா சொல்றேன், அம்மா பக்கத்துல உக்காந்து படிச்சுக் காட்டுங்க.

சோப்பு போட்டு கை கழுவுங்க. கலங்கல் மருந்துங்கறதால பேனாவை ரெண்டு உள்ளங்கைக்கு நடுவுல 10 தடவை உருட்டுங்க, அப்புறம் மேலும் கீழுமா 10 தடவை சாய்ங்க. முழுக்க ஒரே மாதிரி பால் மாதிரி வரணும். குலுக்காதீங்க, நுரை வந்தா குமிழி சேரும். உருட்டின பிறகும் அடியில வெள்ளைத் திப்பியா நின்னாலோ கண்ணாடியில ஒட்டிப் பூத்தாலோ அந்தக் கார்ட்ரிட்ஜ் வேண்டாம். கலக்காமப் போட்டா இன்னைக்கு ஒரு விகிதம் நாளைக்கு ஒரு விகிதம் போகும், சுகர் தாறுமாறா ஆடும். உங்க 212-க்கு இதுவும் காரணமா இருக்கலாம்.

ரப்பரை ஸ்பிரிட் பஞ்சால துடைச்சுட்டு புது ஊசியை நேரா வச்சுத் திருகுங்க. சாய்ச்சு மாட்டினா பின்பக்க முனை ரப்பர்ல வளையும், மருந்து வராது. ஊசிக்கு ரெண்டு மூடி. வெளி மூடி பெருசு, உள் மூடி சின்னது. ரெண்டையும் கழட்டணும். உள் மூடியோடவே வயித்துல வச்சு அமுக்கிட்டு "ஊசி வலிக்கவே இல்ல"ன்னு சொல்றவங்க நிறைய. மருந்து மூடிக்குள்ளயே நிக்கும்.

2 யூனிட் வச்சு, ஊசியை மேல நோக்கிப் பிடிச்சு அமுக்குங்க. முனையில துளி தெரியணும். தெரியலன்னா திரும்ப 2. புது கார்ட்ரிட்ஜ்னா மூணு நாலு தடவை ஆகலாம். துளி பாத்த பிறகுதான் 14 வைக்கணும். இந்த ஒரு படியைச் செஞ்சா அடைச்ச ஊசி, வளைஞ்ச ஊசி, கழட்டாத மூடி, காலி கார்ட்ரிட்ஜ் எல்லாம் முன்னாடியே தெரிஞ்சிடும். மருந்து வீணாகுதுன்னு இதை விட்டுடாதீங்க.

4 மி.மீ. வயித்துல நேரா, 90 டிகிரி. பிடிச்சுத் தூக்க வேண்டாம். தொடை ரொம்ப ஒல்லியா இருந்தா கட்டைவிரல், ஆள்காட்டி விரலால லேசா தூக்கிப் பிடிச்சுக்கலாம். அஞ்சு விரலாலயும் அள்ளிப் பிடிச்சா சதையும் சேர்ந்து வரும். ஊசி வெளிய வந்த பிறகுதான் பிடியை விடணும். பேனாவை அழுத்திக் குத்தவும் வேண்டாம், தோல் உள்வாங்கினா 4ம் 6 மாதிரி ஆயிடும்.

ஸ்பிரிட் போட்டுத் துடைச்சா அது காயற வரைக்கும் காத்திருங்க. ஈரத்தோட குத்துறதுலதான் பாதி எரிச்சல். குளிச்ச தோலா இருந்தா ஸ்பிரிட்டே தேவையில்ல. ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த கார்ட்ரிட்ஜை அரை மணி வெளிய வச்சுட்டுப் போட்டா வலி இன்னும் குறையும்.

சாதா 30/70ன்னா சாப்பாட்டுக்கு 30 நிமிஷம் முன்னாடி. பேரு ஒரே மாதிரி இருக்கற அனலாக் கலவையும் உண்டு, அது தட்டு முன்னாடி வந்த பிறகு போடறது. அதைப் போட்டுட்டு அரை மணி காத்திருந்தா லோ ஆகும், அதாவது சுகர் அளவுக்கு மீறி இறங்கிடும். சீட்டையும் கார்ட்ரிட்ஜையும் சேர்த்து வச்சு ஒரு தடவை பேரைச் சரிபாருங்க.

இப்போ தடிப்பு. உங்க கேள்வியில இதுதான் எனக்குப் பெருசாப் படுது, நீங்க கடைசியில போட்டிருக்கீங்க. ஒரே இடத்துல இன்சுலின் இறங்கிக்கிட்டே இருந்தா அங்க கொழுப்பு வீங்கி ரப்பர் மாதிரி ஆகும். உணர்ச்சி குறையும், அதனாலதான் வலிக்கல. வலிக்காததால அங்கயே போடத் தோணும், போடப் போட இன்னும் வீங்கும். அந்தத் தடிப்புக்குள்ள போன மருந்து எப்போ வெளிய வரும்னு சொல்ல முடியாது. ஒரு நாள் பாதிதான் வரும், ஒரு நாள் தாமதமா மொத்தமா வரும்.

கண்டுபிடிக்கற விதம்: குளிக்கும்போது வயித்துல சோப்பு நுரை போட்டு விரல் நுனியால சுத்தித் தடவுங்க. கண்ணுக்குத் தெரியாத தடிப்பும் விரலுக்குத் தெரியும். சாதா தோலைக் கிள்ளினா மெலிசா மடியும், தடிப்பு மடியாது. எழுதற பேனாவால சுத்தி வட்டம் போட்டுக்கோங்க. அந்த வட்டத்துக்குள்ள இனி ஊசி இல்ல. தானா கரைய பல வாரம், சில பேருக்கு மாசக்கணக்குல ஆகும்.

ஆனா ஒரு எச்சரிக்கை. தடிப்பை விட்டு நல்ல தோலுக்கு மாறினதும் அதே 22 முழுசா வேலை செய்யும். இதுவரைக்கும் 22 போட்டு 16 அளவுக்கே வேலை நடந்திருக்கலாம். திடீர்னு லோ ஆகும். டாக்டர்கிட்ட "தடிப்புல போட்டுக்கிட்டு இருந்தாங்க, இடம் மாத்தப் போறோம்"னு முன்னாடியே சொல்லுங்க, பெரும்பாலும் டோஸைக் குறைச்சுக் குடுப்பாங்க. நீங்களா குறைக்காதீங்க. மாத்தின முதல் ஒரு வாரம் வெறும் வயித்துலயும், ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடியும் பாருங்க. 70-க்குக் கீழ போனா மூணு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணியில கலக்கிக் குடுத்து 15 நிமிஷம் கழிச்சு திரும்பப் பாருங்க. நினைவு இல்லன்னா வாயில எதுவும் ஊத்தாதீங்க, 108.

இடம் மாத்துறது: தொப்புளைச் சுத்தி ரெண்டு விரல் இடம் விட்டு வயித்தை நாலு கட்டமா பிரிச்சுக்கோங்க. வாரம் ஒரு கட்டம். கட்டத்துக்குள்ள ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு விரல் இடைவெளி. காலை டோஸ் வயித்துல, ராத்திரி டோஸ் தொடையோட வெளிப்பக்கம் மேல் பாதியில. வயித்துல மருந்து சீக்கிரம் ஏறும், தொடையில மெதுவா ஏறும். காலையில ஒரு நாள் வயிறு, ஒரு நாள் தொடைன்னு மாத்தி மாத்திப் போடாதீங்க.

காசிமேடு_வார்ப்பு

இதுல ஒரு சேர்க்கை. மூட்டை தூக்கறவங்க, வலை இழுக்கறவங்க, சைக்கிள் மிதிக்கறவங்க வேலைக்குப் போறதுக்கு முன்னாடி தொடையில போடக்கூடாது. தொடை வேலை செஞ்சா ரத்த ஓட்டம் கூடி மருந்து சீக்கிரம் ஏறிடும். வயித்துல போட்டுக்கலாம். நடுக்கடல்ல லோ ஆனா யாரும் வர மாட்டாங்க, சர்க்கரைப் பொட்டலம் சட்டைப் பையில இருக்கணும், ஐஸ் பெட்டியில இல்ல.

ஐஸ் பெட்டின்னதும் ஞாபகம் வருது, இன்சுலினை ஐஸ் மேல நேரா வைக்காதீங்க. ஒரு தடவை உறைஞ்சா அது அவ்வளவுதான், கரைஞ்ச பிறகும் வேலைக்கு ஆகாது. வீட்டுல ஒத்தைக் கதவு ஃப்ரிட்ஜ்ல ஃப்ரீசருக்கு நேர் கீழ ஒரு தட்டு இருக்குமே, அங்கயும் உறையும். நடுத்தட்டு இல்லன்னா கதவு.

வார்டு_சிஸ்டர்

சரியாச் சொன்னீங்க. பிரிக்காதது 2ல இருந்து 8 டிகிரி. பேனாவுல மாட்டினது வெளியதான் இருக்கணும், 30 டிகிரிக்குக் கீழ, நாலு வாரம் வரைக்கும். அம்மாவுக்கு ஏழு நாள்ல தீர்ந்துடும், கவலை இல்ல. அக்னி நட்சத்திரத்துல வீட்டுக்குள்ள 30 எங்க கிடைக்கும்னு கேப்பீங்க. 2021-ல ஜெனீவா பல்கலைக்கழகமும் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வுல, 25க்கும் 37க்கும் நடுவுல ஏறி இறங்குற வெப்பத்துல நாலு வாரம் இருந்த இன்சுலின் வீரியம் குறையலன்னு பாத்திருக்காங்க. அதனால மின்தடை ஆச்சுன்னு பதற வேண்டாம். தகர ஷீட்டுக்கு அடியிலயும், டிவி மேலயும், வண்டி சீட்டுக்குக் கீழயும் வைக்காம இருந்தா போதும். இன்சுலினை மண்பானைக்குள்ள போட்டு ஈர மணல்ல வைக்கற வழக்கம் நல்லதுதான், ஆனா கடல் காத்துல ஈரம் அதிகமா இருக்கற நாள்ல பானை அவ்வளவா குளிராது.

ஊசி எத்தனை தடவைன்னு கேட்டிருந்தீங்க. ஒரு தடவைதான். மேல பூசியிருக்கற சிலிக்கோன் முதல் குத்துலயே போகும், முனை மழுங்கும். ஊசியைப் பேனாவுலயே விட்டு வச்சா காத்து உள்ள போகும், மருந்து வெளிய கசியும், காஞ்ச மருந்து துளையை அடைக்கும். கலவை இன்சுலின்ல அடைப்பு இன்னும் சீக்கிரம். காசு இல்லாம ரெண்டு மூணு தடவை போடறவங்க இருக்காங்க, திட்டி என்ன பண்றது. அவங்களுக்கு மட்டும்: ஸ்பிரிட்ல துடைக்காதீங்க, வெந்நீர்ல போடாதீங்க, ஒவ்வொரு தடவையும் கழட்டி உள் மூடி போடாம வெளி மூடியில வைங்க, 2 யூனிட் சோதனையை விடாதீங்க, வலிச்சா அன்னைக்கே மாத்துங்க. ஆனா இதுல ஒரு கோடு இருக்கு. ஒருத்தர் ஊசியை இன்னொருத்தர் தொடக்கூடாது. புருஷன் பொண்டாட்டின்னாலும் ஒரே பேனா கூடாது. ஊசி புதுசா மாட்டினாலும் கார்ட்ரிட்ஜுக்குள்ள ரத்தம் கொஞ்சம் திரும்பி ஏறியிருக்கும், மஞ்சள் காமாலை பி, சி எல்லாம் அதுல பரவும்.

எண்ணூர்_ராஜி

சிஸ்டர், இடையில கேக்கறதுக்கு மன்னிக்கணும். ரத்தம் உறையாம இருக்க எனாக்ஸாபரின் 40 குடுத்திருக்காங்க, வீட்டுலயே போட்டுக்கணுமாம். சிரிஞ்சுலயே ஊசி இருக்கு, உள்ள ஒரு பெரிய குமிழி. அதைத் தள்ளிட்டுப் போடணுமா? போட்ட இடம் எல்லாம் நீலமா ஆகுது.

வார்டு_சிஸ்டர்

ராஜி, குமிழியைத் தள்ளாதீங்க. இன்சுலின் பழக்கம் இங்க ஆகாது. 40 மி.கி. சிரிஞ்சு முழுசும் உங்க டோஸ், 0.4 மில்லி. குமிழி பின்னாடி வந்து கடைசி மருந்தையும் தள்ளிவிடறதுக்குத்தான் இருக்கு. தள்ளினா மருந்து சொட்டி வீணாகும்.

இதுல ஊசி நீளம், 4 மி.மீ. மாதிரி இல்ல. அதனால படுத்துக்கிட்டோ சாஞ்சுக்கிட்டோ வயித்தோட பக்கவாட்டுல, தொப்புள்ல இருந்து 5 செ.மீ. தள்ளி, தோலை நல்லா மடிச்சுப் பிடிங்க. மடிப்புல நேரா முழு ஊசியும் இறக்கி மெதுவா தள்ளுங்க. ஊசி வெளிய வர்ற வரைக்கும் மடிப்பை விடக்கூடாது. முடிஞ்சதும் தேய்க்காதீங்க. நீலம் ஆகறதுக்கு முக்கால்வாசி காரணம் தேய்க்கறதுதான். பஞ்சால சும்மா அழுத்திப் பிடிங்க. இன்னைக்கு இடது, நாளைக்கு வலது. ஆபரேஷன் தழும்பு, பழைய நீலம் இருக்கற இடம் வேண்டாம். தொட்டா வலிக்கிற பெரிய கட்டி, ஈறுல ரத்தம், கறுப்பா மலம் போனா அடுத்த ஊசிக்குக் காத்திருக்காம ஆஸ்பத்திரி.

வாரம் ஒரு தடவை போடற செமாக்ளூடைட் (இதுவும் சுகர் மருந்துதான், இன்சுலின் இல்ல) பேனா வச்சிருக்கறவங்களுக்கும் ஒரு வரி: அதுக்கும் 4 மி.மீ.தான். ஆனா மருந்து வருதான்னு சோதிக்கறது புதுப் பேனாவுக்கு முதல் தடவை மட்டும். ஒவ்வொரு வாரமும் தள்ளிப் பாத்தா கடைசி டோஸுக்கு மருந்து இருக்காது.

குப்பைவண்டி_மேஸ்திரி

எல்லாரும் போடற முறை சொல்றீங்க, போட்ட ஊசி எங்க போகுதுன்னு ஒருத்தரும் சொல்லல. சாம்பார் பாக்கெட்டோட கட்டிப் போட்ட ஊசி பேட்டரி வண்டிக்காரர் கையில குத்தும், அவர் தப்பிச்சா கொடுங்கையூர் குப்பை மேட்டுல பொறுக்கறவங்க கால்ல குத்தும். குத்தினவங்களுக்கு அது சுகர் ஊசியா வேற ஊசியான்னு தெரியாது, ரத்த டெஸ்ட், மருந்து, மாசக்கணக்குல பயம்.

பினாயில் பாட்டில், ஃப்ளோர் கிளீனர் பாட்டில், அந்த மாதிரி கெட்டி பிளாஸ்டிக்ல திருகு மூடி இருக்கறதா ஒண்ணு எடுத்துக்கோங்க. தண்ணி பாட்டில் வேண்டாம், ஊசி ஓட்டை போட்டு வெளிய வரும். பேனாவுல இருந்து கழட்டும்போது வெளிப் பெரிய மூடியை மேசையில வச்சு, கையால பிடிக்காம, ஊசியை அதுக்குள்ள விட்டுத் திருகி எடுத்து பாட்டில்ல போடுங்க. உள் சின்ன மூடியைத் திருப்பி மாட்ட முயற்சி பண்ணாதீங்க, விரல்ல குத்தறது அங்கதான். சிரிஞ்சை மூடாம அப்படியே போடுங்க. முக்கால் பாட்டில் நிறைஞ்சதும் மூடியைத் திருகி டேப் சுத்தி, "ஊசி"ன்னு பெருசா எழுதுங்க. 2016-ல வந்த திடக்கழிவு விதியிலயே வீட்டு ஊசியையும் சிரிஞ்சையும் வீட்டு அபாயக் கழிவுப் பட்டியல்ல சேர்த்தாச்சு. மக்கும் குப்பையிலயும் போடக்கூடாது, மக்காத குப்பையிலயும் போடக்கூடாது, தனியா கையில குடுத்து "இதுல ஊசி இருக்கு"ன்னு வாயால சொல்லுங்க. ஊசி போடற இடத்துலயே, உங்க ஆஸ்பத்திரியிலயே வாங்கிக்குவாங்களான்னு கேட்டா அது இன்னும் நல்லது.

கொருக்குப்பேட்டை_கேட்டு

எல்லாருக்கும் நன்றி. வட்டம் போட்டுப் பாத்தேன், இடது பக்கம் ஒரு எலுமிச்சம்பழ அளவுக்கு இருக்கு. வலது பக்கமும் சின்னதா ஒண்ணு கையில தட்டுப்படுது. டாக்டர்கிட்ட போன்ல சொல்லியாச்சு, காலை டோஸைக் குறைச்சிருக்காங்க. கடைசியா ஒண்ணு: அம்மாவுக்கு கண்ணு கொஞ்சம் மங்கல், டயல்ல எண் தெரியலங்கறாங்க. கிளிக் சத்தத்தை எண்ணிக்கறேன்னு சொல்றாங்க. பகல்ல நான் வேலைக்குப் போயிடுவேன்.

சுகர்_கிளினிக்_ஆலோசகர்

கிளிக் எண்ண விடாதீங்க. ஒண்ணு ரெண்டு விட்டுப்போகும், பின்னாடி திருப்பினாலும் அதே கிளிக்தான் கேக்கும். ரெண்டு டோஸும் நீங்க வீட்டுல இருக்கற நேரமா வச்சுக்கோங்க: வேலைக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. ஊசி மாட்டி, துளி பாத்து, எண்ணை நீங்க வச்சு வாய்விட்டுச் சொல்லிக் கையில குடுங்க. குத்தறதும் 10 எண்றதும் அவங்க செய்யட்டும். கண்ணு டெஸ்ட் கடைசியா எப்போ பண்ணாங்கன்னும் சீட்டைப் பாருங்க. வருஷம் ஒண்ணு தாண்டியிருந்தா விழித்திரையையும் சேர்த்து பாக்கச் சொல்லுங்க.